கொசுவலையில் சிக்கிய குஞ்சுகள்

அன்புள்ள பாபா,

நேற்று ஏரிக்கரையில் என் மாணவர்கள் கரையில் இறக்கிய ங்கெகே மீன்களை அளந்துகொண்டிருந்தபோது, அப்பாவான நீங்களே அவர்களை விரட்டினீர்கள். "பட்டம் வாங்கி கிசுமு டவுன் ஆபீஸ்ல உட்காருவேன்னு பார்த்தா, சேத்துல நின்னு மீனுக்கு ஸ்கேல் வைக்கிறியாம்மா?" என்றீர்கள். மற்ற படகுக்காரர்கள் சிரித்தார்கள். நான் வழக்கம்போல் தலைகுனிந்தேன்.

மாணவர்களில் சின்னவள் அபோண்டி மட்டும் நகரவில்லை. "டீச்சர், எல்லாம் குஞ்சா இருக்கே! தடை செஞ்ச கொசுவலையைப் போட்டு யாரு பிடிச்சா?" என்று கேட்டாள். அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏரி வகுப்பை நிறுத்தும்படி தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறீர்களாம். நிறுத்தமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அதே கரையில்தான் பாடம். அபோண்டி மறுபடி கேட்டால், நீங்கள் பக்கத்தில் நின்றாலும், அது யார் வலை என்று சொல்வேன்.

உங்கள் மூத்த மகள்