ஹானாவிடம் நான் சொன்ன பதில்

திருவண்ணாமலை
11.7.2001, புதன்கிழமை

அன்புள்ள எழிலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, ஆனால் எனக்கு உன் வலது தோள் எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், வழக்கம்போல அப்பாவிடம் பேசிவிட்டு வைத்துவிட்டாய். பாப்பா இப்ப இடது கையாலயே தலை சீவக் கத்துக்கிட்டாளாம், சிரிக்கிறா என்று அவர் ஏதோ புதுத் திறமையைச் சொல்வது போல என்னிடம் சொன்னார். இருபத்து மூன்றாம் தேதி தோளில் வலி தெரியாமலிருக்க ஒரு ஊசி போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்கு ஆடப் போகிறாய் என்றும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது முதல் ஊசி, அது நாலாவது என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறேன். நேற்று மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி எழுந்து, மேடம் கை வலிக்குதுங்களா, நான் எழுதட்டுங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நீ எந்த ஊரில் எந்த ஓட்டலில் இருப்பாய் என்று எனக்குத் தெரியாது, பத்தொன்பதாம் தேதி துணி துவைக்க ஜெர்மனியில் நீ வழக்கமாகத் தங்கும் அந்த ஹெல்கா அம்மாள் வீட்டுக்குத் திரும்புவாய் என்று அப்பா சொன்னார், அதனால் இதை அந்த விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடாதே. ஊசிக்கு முன்னால் நீ இதைப் படித்தே ஆகவேண்டும். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, சொல்ல ஆரம்பித்தால் நீ வைத்துவிடுவாய். இதற்கு முன் மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

மே மாதம் பன்னிரண்டு நாள் நீ இங்கே இருந்தபோது, வேலூரில் அந்த எலும்பு டாக்டர் உன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது நினைவிருக்கும். இன்னொரு கிழிசல் விழுந்தா தைக்கறதுக்குச் சதையே இருக்காதும்மா, அப்புறம் டென்னிஸ் ராக்கெட்ட விடுங்க, சொந்தமா தலை பின்னிக்கறதே கஷ்டம், இப்பவே ஆறு மாசம் கையை மடக்கி வெச்சிட்டு சும்மா இருக்கணும் என்றார். பஸ் கண்ணமங்கலம் வந்ததும், அப்பாகிட்ட சொல்லாத என்று மட்டும் சொன்னாய். நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை நீ குப்பையில் போட்டாய், நான் எடுத்து என் சான்றிதழ் ஃபைலில் வைத்தேன்.

மே பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் நீ செங்கம் ரோட்டில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தாய். அப்போது உன் ஜோடி ஹானா இங்கே போன் செய்தாள். உன்னைத் தேடித்தான் பேசுகிறாள் என்று நினைத்து, எழில் வெளியே போயிருக்கிறாள் என்றேன். இல்லை, உங்களிடம்தான் பேச வேண்டும் என்றாள். தோள் முழுக்கச் சரியாகிவிட்டது, லண்டன் போட்டிக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிடு என்று நீ முதல் நாள் எழுதியிருந்தாயாம், செவ்வாய்க்கிழமைதான் கடைசித் தேதியாம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று எழில் எப்போதும் சொல்வாள், அதனால் உங்களைக் கேட்கிறேன், தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

இவ்வளவுதான் என்றால் உண்மையைச் சொன்னேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பாவிடம் சொல்லாதே என்றுதானே கேட்டாய், ஹானாவிடம் சொல்லாதே என்று கேட்கவில்லையே என்று எனக்கு நானே வக்கீலும் ஆகியிருந்தேன். ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. அவள், இது எழில் எடுக்க வேண்டிய முடிவு, நான் அவளிடமே பேசிக்கொள்கிறேன், ஆடுவேன் என்றால் அவள் பெயரைச் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்றாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வேறு யாரோடாவது பெயர் கொடு, நான் சொன்னேன் என்று அவளிடம் எந்தக் காலத்திலும் சொல்லாதே, ஒரு தாயாகக் கேட்கிறேன் என்றேன். இருபத்தைந்து வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கும் நான் அப்படி ஒரு வசனம் பேசுவேன் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவள் சரி என்றாள். நீ திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபோது யார் போன்ல என்று கேட்டாய். ராங் நம்பர் என்றேன்.

ஹானா உன்னைக் கைவிடவில்லை, எழில். உன்னை அவளிடமிருந்து பிரித்தவள் நான்.

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரை எடுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், நீ கோபப்படுவாய், அழுவாய், வேறு வழி இல்லாமல் வீட்டில் உட்காருவாய், அதற்குள் தோள் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஜோடி இல்லாதவர்கள் போகும் ஊரிலெல்லாம் அறிவிப்புப் பலகையில் பெயரை எழுதிவிட்டு, தன்னைப் போல இன்னொருத்தி வருவாளா என்று காத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நீ அப்பாவிடம் சொல்லித்தான் தெரியும். ஏழு வாரத்தில் ஆறு ஊர், ஐந்து ஜோடி. ஹானாவோடு ஆடியிருந்தால் தலைக்கு மேலே வரும் ஓவர்ஹெட் பந்துகளை அவள் எடுத்துக்கொண்டு உன் தோளைக் காப்பாற்றியிருப்பாள், முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது எல்லாவற்றையும் நீயேதான் எடுப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. உன் கையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி அதை இன்னும் மோசமான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

இங்கே நடப்பதையும் கேள். லண்டன் பட்டியலில் உன் பெயர் வராத அன்றே, ஹானா உன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில், மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கே நின்றாலும் ஹானாவுக்குத் திட்டுதான். பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்கா உப்பு மிளகாய் கொண்டுவந்து ஹாலில் இருந்த உங்கள் இரண்டு பேர் போட்டோவைச் சுற்றிப் போட்டுவிட்டு, அவ கண்ணே சரியில்லீங்க, பூனைக்கண்ணு, நான் அன்னிக்கே சொன்னேன் என்றாள். ஹானா நம் வீட்டுக்கு வந்திருந்த அன்றைக்கு ராஜம்மாள் அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கீங்க என்றுதான் சொன்னாள். அப்பா அந்தப் போட்டோவை பிரேமிலிருந்து எடுத்து, ஹானா இருக்கும் பாதியைப் பின்பக்கம் மடித்து மறுபடி மாட்டினார். மடித்தும் உன் தோள்மேல் அவள் போட்டிருந்த கை மட்டும் உன் பக்கமே தங்கிவிட்டது. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அந்தக் கைதான். ஆட்டோக்காரர் அருணகிரி ஒரு நாள் வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பி, என்னங்க மேடம், நம்ம பாப்பாவ இப்படிக் கவுத்துட்டாளே அந்த வெள்ளைக்காரி, அவ நல்லாவே இருக்கமாட்டா என்றார். ஆமாங்க என்றேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க என்றும் சொன்னேன். உன்னிடம் சொன்ன ராங் நம்பர் என் முதல் பொய், அந்த ஆமாங்க இரண்டாவது, அதற்குப் பிறகு எண்ணவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஹானாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு வரிகூட என்னைக் குறை சொல்லவில்லை. நீ அவள் மெயில்களைத் திறப்பதில்லை, ஒரு ஊரில் அவள் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய் என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் கேட்டபடி நான் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாள். லண்டனில் புது ஜோடியோடு முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாளாம், எழில் பின்னால் நின்றால் பந்து எங்கே போகும் என்று எனக்கு முதுகிலேயே தெரியும், இந்த முறை ஒவ்வொரு சர்வீசுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்கிறாள். அடிபட்டு ஆறு மாதம் ஆடாமல் இருப்பவர்கள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், திரும்பி வரும்போது பழைய ரேங்கிலேயே பெயர் கொடுக்க ஒரு வழி இருக்கிறதாம், உனக்கும் அது தெரியுமாம். நீ நிறுத்தினால் அடுத்த வருடம் வரை காத்திருக்கிறேன், அதுவரை யாரோடும் நிலையாகச் சேரமாட்டேன் என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாள். ஆனால் இப்படி வாராவாரம் ஆடித் தோற்றுக்கொண்டே போனால் காப்பாற்றுவதற்கு ரேங்கும் இருக்காது, தோளும் இருக்காது என்கிறாள். அந்தக் கடிதத்தையும் டாக்டர் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். பௌர்ணமி அன்று அப்பா உனக்காக மலை சுற்றக் கிளம்பியபோது நானும் செருப்பை விட்டுவிட்டுக் கூட நடந்தேன்.  நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, அந்தப் போட்டோவோடு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பதினான்கு கிலோமீட்டரும் ஊசி, கிழிசல், ஊசி, கிழிசல் என்று இதே நினைப்பு.

இன்று காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உனக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்து உடைத்துவிட்டேன். அவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். எம்புள்ள தோளு கிழிஞ்சிருக்கு, பி.டி. மாஸ்டர் எனக்கே தெரியல, ரெண்டு மாசமா ஊரு பூரா நின்னு அந்தப் பொண்ணத் திட்டிக்கினு இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ரேணுகா என்றார். கத்தியிருந்தால் தேவலை. பிறகு போட்டோவைக் கழற்றி, மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தார். மடிப்பு போகவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வெள்ளைக் கோடாக நிற்கிறது. அப்படியே மாட்டிவிட்டார். நீ எழுது, போன்ல பேசாத, பேசினா நீ கேஸ் நடத்துவ என்று சொல்லிவிட்டு, வேங்கிக்கால் டென்னிஸ் கோர்ட்டுக்குச் சைக்கிளில் போனவர் இன்னும் வரவில்லை.

அந்தக் கோர்ட்டை நானும் மறக்கவில்லை. மாவட்டம் பிரிந்து அதிகாரிகளுக்கென்று அதைப் போட்டதும், தினமும் விடியும்முன் தண்ணீர் தெளித்து உருளை இழுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லித்தானே அப்பா உனக்கு ஒரு மணி நேரம் வாங்கினார். உன்னோடு ஜோடியாக நிற்க ஊரில் வேறு பெண் இல்லை என்று என்னைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வலைக்கு முன்னால் நிற்கவைத்தீர்கள். எனக்கு ஆடத் தெரியாது, நின்றுகொண்டு முதுகுக்குப் பின்னால் கையால் சைகை மட்டும் காட்டினால் போதும் என்றாய். மூடிய கை என்றால் நான் என் இடத்திலேயே நிற்பேன், திறந்த உள்ளங்கை என்றால் குறுக்கே பாய்வேன், என் பக்கத்தை நீ பார்த்துக்கொள்ள வேண்டும். எதைக் காட்டினாலும் அதையே செய்யணும்மா, காட்டிட்டு மாத்தினா பின்னால நிக்கிறவ செத்தா என்று பதினைந்து வயதில் எனக்குப் பாடம் எடுத்தாய். உன் சர்வீஸ் ஒன்று என் பின்னந்தலையில் பட்டுக் கண்ணாடி தெறித்த அன்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை, வலையில் நிற்பவள் திரும்பக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். அப்படி நின்றவள்தான் மே மாதம் உனக்கு மூடிய கையைக் காட்டிவிட்டுக் குறுக்கே பாய்ந்தேன். நீ நம்பி விட்டுவைத்த பக்கம் காலியாகிவிட்டது.

இருபத்தாறு வயதில் ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா என்பாய். எனக்குத் தெரியாது. ஓய்வெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குத் தரவும் என்னால் முடியாது, டாக்டரும் தரவில்லை, நீ திரும்ப ஆடாமலே போகலாம். ஊசி போட்டுக்கொண்டு ஆடினால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே எழில். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், போட்டுக்கொள்ளாதே. எனக்குத் தண்டனையாக அந்தக் கையைப் பாழாக்காதே, வேறு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடு. என்னை மன்னிக்க வேண்டாம், என்னிடம் பேசக்கூட வேண்டாம். ஹானாவுக்கு ஒரு போன் செய். அவள் நம்பர் அவள் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. அவளிடம் பேசிய பிறகு என்ன முடிவு எடுத்தாலும் அது உன்னுடையது, நான் குறுக்கே வரமாட்டேன். வீட்டுக்கு வந்தால் அறையைத் தயாராக வைத்திருக்கிறேன், ஆறு மாதமும் உன் தலையை நான் பின்னிவிடுகிறேன், பேசாமலே பின்னிவிடுகிறேன்.

பையை இடது தோளில் மாட்டிக்கொள். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே. அப்பாவின் ஆசி என்றும் உனக்கு உண்டு, என்னுடையதையும் வேண்டும் என்றால் எடுத்துக்கொள் கண்ணு. இருபத்து மூன்றாம் தேதிக்கு முன்னால் போனில் அப்பாவிடம் ஒரு வார்த்தை, போடவில்லை என்று சொன்னால் போதும், நான் பக்கத்தில்தான் நிற்பேன். வலையில் நிற்பவள் திரும்பக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாய், அது இனி என்னால் முடியாது, அதுவரை திரும்பி உன்னைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ரேணுகாம்பாள்