இரட்டைப் பனைக்கு நேரே

உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், காலத்துக் கடற்கரைக் கோபுரத்தை, ஊரில் ஒருவரையும் கேட்காமல், சுண்ணாம்புக் காளவாசல் முதலாளி இடித்தார். அதனால் நீ செத்தாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். அந்த ஆவி என் கயிற்றுக் கடைக்குள் வந்து தொண்டையை அடைக்கிறது. கடற்பாறைக் கல்லால் கட்டிய கோபுரம் அது. அந்தக் கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பாகவும் இது இருக்கலாம்.

பழையகாயலுக்குத் தெற்கே அந்தக் கரையில் ஆள் நடமாட்டம் குறைவு. கோபுரத்தடி மணலில் ஆமை முட்டையிடும். உச்சியில் ஆலாப் பறவைகள் உட்காரும். உப்பு மூட்டையின் எழுத்தைப் பார்த்துப் படிக்கக் கற்றவன் நான். அங்கே உட்கார்ந்து பழைய செய்தித்தாள் வாசிப்பேன். வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வந்து நீ கேலி செய்வாய்: "ஏலே, நீ காயிதத்தப் படி. நான் கரையப் படிக்கேன்."

கடலிலிருந்து பார்க்கையில் கோபுரம் பின்னாலுள்ள இரட்டைப் பனையை மறைத்தால், கடலடிப் பாறையின் இடைவெளி நேர் எதிரே. விலகினால் வள்ளம் உடையும். இதுதான் நீ படித்த கரை.

நீ இராமேசுவரம் பக்கம் சங்கு குளிக்க ஆட்களை ஏற்றிப் போயிருந்த மாதத்தில் இடித்தார்கள். யுத்த வேலைக்குச் சுண்ணாம்பு வேண்டுமாம். நான் குறுக்கே நின்றேன். முதலாளி சிரித்தார்.

"அண்ணாச்சி, கெழட்டுச் செவருக்கா மல்லுக்கு நிக்கீரு? கயித்த வித்துட்டுச் சும்மா இரும்."

"வள்ளக்காரன் கண்ணப் புடுங்குதீரு வே," என்றேன்.

மூன்று நாள் ஆலாக்கள் உட்கார இடமில்லாமல் கத்திச் சுற்றின. கழிமுகத்துக்கு இந்தப் பருவம் பூநாரையும் வரவில்லை. கூப்பிடு தூரம் தெற்கே, கோபுரத்தின் உயரத்துக்கே காளவாசலின் புகைபோக்கி எழும்பியது.

நீ திரும்பிய அன்று வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கடலிலிருந்து பார்த்தால் கரையில் நிற்பதெல்லாம் கறுப்பு நிழல்தான். புகைபோக்கி பனையை மறைக்கும்படி நீ வள்ளத்தைத் திருப்புவதைக் கண்டேன். வேட்டியை அவிழ்த்து வீசிக் கத்தினேன். நீ கையை உயர்த்தி ஆட்டினாய்.

தப்பி நீந்திவந்த குளியாள் பிறகு சொன்னான்: "'என்னயப் பாத்த சந்தோசத்துல வேட்டிய அவுத்து ஆடுதான் பாருல, கூறுகெட்ட பய'ன்னு வள்ளக்கார அண்ணாச்சி சிரிச்சாரு. அந்தச் சிரிப்போடதான் வள்ளம் பாறையில மோதிச்சு."

விசாரணைத் தாளில் 'வள்ளம் ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். உன் மனைவிக்கு அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். நீ கவனித்தாய். கவனித்ததால்தான் செத்தாய்.

புகைபோக்கி இன்னும் நிற்கிறது. கோபுரம் போனது தெரியாத இரண்டு வள்ளங்கள் இன்னும் மன்னார் பக்கம் இருக்கின்றன.

முதலாளி புகைபோக்கியை இறக்க வேண்டும். கோபுரம் நின்ற இடத்தில் துறைமுக அலுவலகத்தார் அதே உயரத்துக்குத் தூண் எழுப்ப வேண்டும். விசாரித்த அதிகாரி அந்த வரியை அடித்து, உன் மனைவிக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். மன்னாருக்கு ஊர்ப் பெரியவர் ஆள் அனுப்ப வேண்டும்.

அதுவரை நான் சாயங்காலமானால் கடையைச் சாத்த வேண்டும். கரை ஒதுங்கிய உன் வள்ளத்தின் கிழிந்த பாயை நீளக் கழியில் கட்டி, கோபுரத்தின் அடிமேட்டில், இரட்டைப் பனைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வள்ளம் தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது.