வயிற்றுக்கு ஒரு வழியனுப்பு விருந்து

ஹாரோ, இலோய்லோ
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது

என் அன்பு மகள் ஜோவெலினுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதா தயவில் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், போன புயலில் சமையலறைக் கூரைத் தகடு ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுத் தெரேசிங்கின் கோழிக்கூட்டின் மேல் விழுந்தது, கோழிகளும் நலம். நீ அங்கே கத்தாரில் நலமா என்று வழக்கமாகக் கேட்பேன், நீயும் நல்லாருக்கேன்பா என்று வழக்கமாகச் சொல்வாய், இந்த முறை அது எனக்குப் போதவில்லை. வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷனுக்குப் பேர் குடுத்துட்டேன்பா, தேதியெல்லாம் கேக்காதீங்க, முடிஞ்சதும் நானே சொல்றேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எடுத்தால் வேலையில் இருக்கிறேன் என்கிறாய். போனை வைத்துவிடலாம், கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். தெரேசிங் மகள் பெலென் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா தடுக்கவில்லை. உன் உடம்பு, உன் முடிவு. முட்டி வலியோடு நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவியம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகப் பக்கத்துக் கட்டில்காரி சொன்னது, எல்லாம் எனக்குத் தெரியும். கப்பலில் சமையல்காரனாக இருந்த காலமெல்லாம் உன்னை ஊரில் விட்டுவிட்டு யார் யாருக்கோ ஆக்கிப் போட்டேன், நான் ஓய்வு பெற்று வந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது நீ விமானம் ஏறிவிட்டாய். நீ திரும்பி வந்தால் முதல் நாள் என்ன செய்து போடுவது என்று ஐந்து வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிற ஆள் நான். அந்த ஆளிடம் வயிற்றைப் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிடப் போகிறேன் என்றால் கொஞ்சம் வலிக்காதா? அந்த வலி என்னோடு போகட்டும். நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு, நீ இதைத் தனியாகச் செய்யப் போகிறாய்.

உன் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் முதல் தடவை நடக்காமல் போனதே, ஏதோ கோளாறு என்று உன்னிடம் மழுப்பினாளே, அது என்ன கோளாறு என்று இப்போது சொல்கிறேன், நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே. டாக்டர் வில்யாலுஸ் தெளிவாகத்தான் சொன்னார், ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் தெளிந்த சூப்பும் புரதப் பால்மாவும்தான், சோறு கிடையாது, இனிப்பு கிடையாது, கொழுப்பு ஏறிய கல்லீரல் அப்போதுதான் சுருங்கும், அது வயிற்றின் மேலே படுத்திருக்கிறது, அதைத் தூக்கிப் பிடித்தால்தான் வயிற்றைத் தொடமுடியும் என்று. அம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். ஆனால் நம் தெருவைத்தான் உனக்குத் தெரியுமே. தெரேசிங் வேலியோரம் நின்று, ஏண்டி பெர்லா, கப்பல்ல போறவனுக்கே விருந்து வச்சு அனுப்புறோம், இத்தனை வருஷம் எங்க வீட்டுச் சோத்தையெல்லாம் தாங்கின வயிறு போகுது, அதுக்கு ஒரு விருந்து வைக்க மாட்டமா என்றாள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். முதலில் அவள் வீடு. அங்கே போய்விட்டு எதிர்வீட்டுக்குப் போகாவிட்டால் மனத்தாங்கல். அப்புறம் கோவில் பாடகர் குழுப் பெண்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முழுப் பன்றியையே சுட்டுவிட்டார்கள். உன் அம்மா டாக்டர் சொன்னதையும் விடவில்லை, ஒவ்வொரு விருந்து முடிந்து வந்ததும் சூப்பையும் ஒழுங்காகக் குடித்தாள்.

ஆபரேஷன் அன்று சின்னச் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்த்தால் கல்லீரல் பாதையில் படுத்த எருமை மாதிரி அசைய மறுத்துவிட்டது. டாக்டர் துணிந்து கைவைக்காமல் தையலைப் போட்டு அவளை எழுப்பிவிட்டார், அந்தப் புத்தி அவருக்கு இருந்ததால்தான் உன் அம்மா இன்றைக்கு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் வந்து, என்னம்மா சாப்பிட்டீங்க என்று கேட்டார். சூப்புதான் டாக்டர் என்றாள். வேற என்றார். பன்னித் தோல் கொஞ்சூண்டு என்றாள். கொஞ்சூண்டுன்னா எவ்வளவு என்று அவர் கேட்க, பின்னால் நின்ற தெரேசிங், பன்னிக்கு எவ்வளவு தோல் இருந்துச்சோ அவ்வளவு டாக்டர் என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்து அவர் சொன்னதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. தப்பு அவங்க மேல மட்டும் இல்ல, நான் உங்களையும் கூப்பிட்டு உக்காரவச்சுப் பேசியிருக்கணும், இது ஒரு ஆளுக்குப் பண்ற ஆபரேஷன் இல்ல, வீட்டுக்கே பண்றது என்றார்.

இரண்டாம் முறை நானும் அவளோடு சேர்ந்து அதே சூப்பைக் குடித்தேன். தெரேசிங் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பூண்டு வதக்கினாள். மூன்றாம் நாள் தலைவலியில் உன் அம்மா என் மேல் கரண்டியை எறிந்தாள், அதற்கப்புறம் பழகிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அன்று மாலையே நடக்கவைத்தார்கள், காலில் ரத்தம் கட்டக்கூடாதாம். பிறகு வாய் வாயாகத் தண்ணீர், மடக்கென்று குடித்தால் வலி உயிர் போகும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவே கூடாது. காய்ச்சலோ, நெஞ்சு படபடப்போ, வயிறோ தோளோ விடாமல் வலித்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொன்னார்கள், உள்ளே தையல் கசிந்தால் அப்படித்தான் காட்டுமாம். அம்மா தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அறையில் நான்கு பேர், நான்கு பேருக்கும் நான்கு ஷிப்ட். உன் முகத்தை யார் பார்ப்பார்கள் இந்தாய், என் செல்ல மகளே?

நீ பேர் கொடுத்திருக்கிற கிளினிக் வியாழக்கிழமை செய்து திங்கட்கிழமை வேலைக்கு அனுப்பிவிடும் என்று நீ பெருமையாகச் சொன்னாய். திங்கட்கிழமை அந்தக் கிழவியம்மாவைத் தூக்குவாயா? அம்மாவை ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவிடவில்லை. அந்த டாக்டரிடம் வாய் திறந்து கேள், கூச்சப்படாதே. எந்த மாதிரி ஆபரேஷன், இது மாதிரி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பரிசோதித்தாரா, கசிந்தால் எந்த ஆஸ்பத்திரி, ஆறு மாதம் கழித்து ரத்தம் சோதித்துப் பார்க்க அவர் அங்கே இருப்பாரா என்று. இதற்கெல்லாம் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு. வெட்டி எடுத்ததைத் திருப்பி ஒட்டமுடியாது. சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்க, அம்மா ஒரு மாதம் சோம்பல்பட்டுத் தலை சுற்றி விழுந்தாள். முட்டிக்கு நீ போடுகிறாயே அந்த வலி மாத்திரை, அதை இனிமேல் போடலாமா என்று கேட்டுக்கொள். மூன்றாவது நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பயப்படாதே, திரும்ப முளைக்கும். ஒன்றரை வருடத்துக்குக் குழந்தை ஆகக் கூடாதாம், எங்களிடம் சொல்லாத ஆள் யாராவது அங்கே இருந்தால் அவனிடமும் சொல்லிவை.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள், நான் பார்த்ததால் சொல்கிறேன். அந்த வருடத் திருவிழாவில் வீடு வீடாகத் தட்டை நீட்டினார்கள், அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்தாள், பாதிப் பேருக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சமையலறைப் படியில் உட்கார்ந்து அழுதாள். பசிக்குதா என்று கேட்டேன். பசிக்கலயே, அதுக்குத்தான்யா அழறேன், பசிச்ச பெர்லா எங்க போனான்னு தெரியலயே என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நாள் போகப் போகச் சரியாயிற்று. இப்போது கோவில் படியை நிற்காமல் ஏறுகிறாள், சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது, குறைந்த எடையில் கொஞ்சம் திரும்பியும் வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். அவளைக் கேட்டால் திரும்பவும் செய்துகொள்வேன் என்றுதான் சொல்கிறாள், ஆனால் தனியாக மாட்டேன் என்கிறாள்.

ஜோவெலின், லீவு கேட்டு இங்கே வந்துவிடேன். வில்யாலுஸ் டாக்டரிடம் நான் பேசுகிறேன், தெருவிடமும் பேசுகிறேன், இந்த முறை பன்றிக்குக் கண்டம் கிடையாது. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ எவ்வளவு சாப்பிடுவாய் என்ற கவலையை நான் விட்டுவிட்டேன். நேற்று அம்மாவிடம், அவ வந்தா என்னத்தைத்தான் ஆக்கிப் போடுறது என்று புலம்பினேன், அவ எதிர்ல வந்து உக்காந்தா போதும்யா, ரெண்டு கரண்டி தின்னா ரெண்டு கரண்டிக்கும் பக்கத்துல இருப்போம் என்றாள். லீவு தரமுடியாது என்று வேலையிடத்தில் சொன்னால் அங்கேயே செய்துகொள், ஆனால் தேதியைத் தள்ளிப்போட்டு ஒரு மாத ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டு செய், பெலென் அந்த வாரம் உன்னோடு வந்து தங்குவதாக என்னிடம் சத்தியம் செய்திருக்கிறாள். நீ சூப்பு தொடங்கும் நாளில் நானும் இங்கே தொடங்குவேன்.

நீ புறப்பட்ட அன்று காலைச் சாப்பாட்டின் நடுவில் வேன் வந்து ஹார்ன் அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ பாதி முட்டையோடு எழுந்து ஓடினாய், போகிறவர்களுக்கு வழியில் ஒன்றும் ஆகக்கூடாது என்று நானும் அம்மாவும் நம் ஊர் வழக்கப்படி மேசையில் எங்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்பி வைத்தோம். நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாய். அம்மா முதல் தடவை ஆபரேஷனுக்குப் போன அன்று தெருவே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது, தட்டைத் திருப்ப வீட்டில் ஓர் ஆள் இல்லை. கல்லீரல் கதையெல்லாம் இருக்கட்டும், தெரேசிங்கைக் கேட்டால் அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவாள்.

மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும், உன் கைகால் நோகாமல் இருக்கட்டும், உனக்குக் கத்தி பிடிக்கிறவர் கை நடுங்காமல் இருக்கட்டும். பெலென் கையில் இந்த முறை ரொட்டியும் மாம்பழ வற்றலும் இல்லை, சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும், அம்மா ஆபரேஷனுக்கப்புறம் அதில்தான் சாப்பிட்டாள், உனக்குக் கொடுக்கச் சொன்னாள். மறக்காமல் தேதியையும் நேரத்தையும் சொல். உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்போம். எந்த நேரம் என்று தெரியாமல் எப்படியம்மா திருப்புவது?

உன் வரவையே பார்த்திருக்கும்
அப்பா அன்செல்மோ