நான் தூக்கிவிட்ட கை

இன்று காலை அக்காவின் முழங்கால் நோவுக்கு உப்பு வறுத்துத் துணியில் முடிந்தேன். சூட்டில் துணி கருகும் மணம் வந்ததும் உங்கள் தோள் நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன்.

குடிவெறியில் தோணியிலிருந்து விழுந்து, நோவுக்குப் பயந்து மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்து, உங்கள் வலத்தோள் இறுகிப்போயிருந்தது. சட்டை போட முடியாது, வாவியில் வலை வீச முடியாது. உங்கள் மனைவியான எனக்கோ, உண்மையைச் சொன்னால், நிம்மதி. என்னை அடித்த கை அதுதான்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ மிஸ் உங்களிடம், "வெறியில வந்தா தொடமாட்டன். வெறியில நோ தெரியாது, தசை கிழிஞ்சாலும் தெரியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டில நீங்கதான் கையத் தூக்கிவிடணும்" என்றார்.

அக்கா கொதித்தாள். "இது உன்ட சீதன வீடு. ஆள வெளியில துரத்தாம, அடிச்ச கைய நல்லாக்கப் போறியா கா? குடிய விடுறன் எண்டா நம்புறியா? குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு."

வலை வீசாவிட்டால் நீங்கள் உங்களை ஒரு மனிதராகவே எண்ணமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

காலையில் உப்பு ஒத்தணம். பிறகு உங்கள் முழங்கைக்குக் கீழே என் உள்ளங்கை. குடியை விட மருந்து எடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. உங்கள் நடுக்கம் என் கையிலும் ஏறும். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பீர்கள். கை கொஞ்சம் கொஞ்சமாக உயர, என் கண் அதிலேயே இருக்கும்.

ஒருநாள் அது சட்டென்று என் தலைக்கு மேலே போனது. நான் முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டேன். நீங்கள் அடிக்க ஓங்கவில்லை, தோள்தான் விட்டுக்கொடுத்திருந்தது.

"என்னில பயமா கா?" என்று கேட்டீர்கள்.

"ஓம்" என்றேன். கலியாணம் கட்டியதிலிருந்து அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

நீங்கள் நிலத்தில் சப்பணம் கட்டி அமர்ந்தீர்கள். "நான் கீழ இருக்கன். நீ நிண்டு தூக்கு." அதன் பிறகு வீட்டில் நின்றபடி அந்தக் கையை நீங்கள் உயர்த்தவேயில்லை.

கை வழிக்கு வந்தது. வலையும் வீசினீர்கள். குடி தின்ற ஈரல்தான் வழிக்கு வரவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று அக்கா இன்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் யாராவது சட்டென்று கையை உயர்த்தினால் இன்றும் ஒடுங்கிப்போகிறேன். ஆனால் செத்தவீட்டில் உங்களுக்குக் கடைசியாகச் சட்டை போடுவதற்கு என் தம்பி அந்தக் கையைப் பிடித்து இழுத்தபோது, "மெல்லத் தூக்குடா, அவருக்கு நோகும்" என்று சனத்தின் நடுவே கத்தியவளும் நான்தான்.