மொட்டை மாடியில் ஆறடி

6 ஜூலை 2020, திங்கள்

சனிக்கிழமை வரை கோழி வெட்டினேன். இன்று முதல் நான் கொரோனா பொறுப்பாளர். கம்பெனியில் பன்னிரண்டாவது முடித்த ஒரே பெண் நான்தானாம். மேனேஜர் பிரபாகரன் சார் ஒரு காய்ச்சல் துப்பாக்கியும் ரிஜிஸ்டரும் கொடுத்தார். ‘ஆறடி தள்ளி நிற்கவும்’ என்று சுவரில் ஒட்டச் சொன்னார். அதை ஒட்டுவதற்கே இரண்டு பேரை நகரச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்து நான்கு பேர், தோளோடு தோள். எல்லோரும் ஆறடி விட்டு நின்றால் கடைசி ஆள் பக்கத்து உப்பளத்தில்தான் நிற்பாள்.

8 ஜூலை

காலையில் கம்பெனி கேட்டில் பார்த்தபோது ஆராயி அக்காவுக்கு 101. வெட்டுமேசையில் எனக்குப் பக்கத்து ஆள்; அனுமந்தையிலிருந்து ஒரே ஆட்டோவில் வருகிறோம். “உடம்பெல்லாம் வலிக்குதும்மா, வீட்டுக்குப் போறேன்” என்றாள். சார் விடவில்லை.

“சனிக்கிழமை ஆர்டர் இருக்குது. கோல்ட் ரூம்ல பத்து நிமிஷம் நிக்க வெச்சிட்டு மறுபடி பாரு.”

நிற்க வைத்தேன். 96.

“பாத்தியா, மாத்திரையே வாணாம்” என்றார் சார்.

96 என்று எழுதினேன். நான்தான் எழுதினேன். சீ.

9 ஜூலை

இனி கேட்டில் பார்க்கக் கூடாதாம். எல்லோரும் கோல்ட் ரூமில் நின்றுவிட்டுத்தான் வர வேண்டும். இந்தக் கணக்குப்படி கம்பெனியிலேயே நல்ல ஆரோக்கியம் உள்ளே தொங்குகிற கோழிகளுக்குத்தான்.

13 ஜூலை

பாதுகாப்பு ஆய்வு. அதிகாரி கொரோனாவுக்குப் பயந்து வீடியோ காலில் வந்தார். ஹாலில் சிக்னல் கிடையாது, மொட்டை மாடியில்தான் கிடைக்கும். ஆகவே மேசை, கத்தி, கோழி, இருபத்து நான்கு பேர் — எல்லாம் மாடிக்கு. சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆளுக்கொரு வட்டம். ஒரு காக்கா ஈரலைத் தூக்கிக்கொண்டு போனது.

“காத்தோட்டம் பிரமாதம்பா!” என்றார் அதிகாரி. பிறகு, “யாருக்காவது காய்ச்சல் இருக்குதாம்மா?”

ஆராயி அக்கா தன் வட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிட்டேன்.

“இருக்குது சார். 101. நாங்கதான் மறைச்சிட்டோம்.”

அதிகாரி வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார். பாவம், எவ்வளவு அதிர்ச்சி என்று நினைத்தேன். சிக்னல் போயிருந்தது.

மதியம் மறுபடி கீழே. தோளோடு தோள்.

14 ஜூலை

சான்றிதழ் வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மதிப்பெண் காக்காவால் போயிருக்கும். சார் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

16 ஜூலை

வாசனையே தெரியவில்லை. கோழிக் கம்பெனியில் இது வரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

19 ஜூலை

பதினெட்டு பேருக்கு பாசிட்டிவ். கம்பெனியை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறோம். டேப் பிடித்து அளந்து கட்டில் போட்டிருக்கிறார்கள், சரியாக ஆறடி. இங்கும் எனக்குப் பக்கத்தில் ஆராயி அக்கா. மூச்சு வாங்குகிறாள்.

நர்ஸ் உள்ளே வரப் பயந்து ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டினார். “ரிஜிஸ்டர் எழுதத் தெரியும்ல? நீயே பாத்து எழுதிக் குடும்மா. நூத்தியொண்ணத் தாண்டினா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

அக்கா நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “ஏம்மா, இங்க கோல்ட் ரூம் இல்லியா?”

“இல்லக்கா.”

102 காட்டியது. 102 என்று எழுதி, ஜன்னலில் கொடுத்தேன்.