குப்புறப் படுத்தபடி கட்டிய ஆம்ப்

பிப்ரவரி 9

ஆய்வகத்தில் இன்று நல்ல கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்து விரல் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசை முழுக்க இவர் கடை விரித்திருக்கிறார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டு. எறும்பு போல உதிரிகள். ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கட்டுகிறாராம். பகலெல்லாம் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதருக்குப் பாட்டுக் கேட்பது ஒன்றுதான் ஆசை.

“கடையிலயே விக்குதே,” என்றேன்.

“இது பேலன்ஸ்டு. சாதாரணத்துல ரெண்டு காதுக்கும் ஒயர் திரும்பி வர்ற வழி ஒண்ணுதான். சத்தம் கொஞ்சம் கலந்துடும். இதுல ஒவ்வொரு காதுக்கும் தனி வழி. காதுக்கு ரெண்டு ஆம்ப், மொத்தம் நாலு.”

“ஆளுக்கொரு அடுப்படி.”

“அதேதான். நாலும் ஒரு சோப்புப் பெட்டிக்குள்ள அடங்கணும். அதான் கஷ்டம்.”

பிப்ரவரி 12

வலது கண்ணில் கீழிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறுகிறது என்றார். தூசி என்று நினைத்துக் காலையிலிருந்து கழுவிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விழித்திரை கழன்றிருக்கிறதாம். நாளைக்கே ஆபரேஷன்.

எழுத ஓடவில்லை.

பிப்ரவரி 14

முடிந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குமிழிதான் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்குமாம். அதற்கு இவர் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பிடும்போதுகூடத் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். “இப்ப சொல்ல முடியாதும்மா,” என்றார் டாக்டர். சும்மா தைரியம் சொல்லாமல் உள்ளதைச் சொன்னாரே என்று அந்த மனுஷியிடம் எனக்கு நன்றிதான் தோன்றியது.

பிப்ரவரி 16

அண்ணி வந்துவிட்டார். இவருடைய அக்கா. நான் வேலைக்குப் போகும்போது இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வந்த அரை மணி நேரத்தில் என் பாத்திரமெல்லாம் இடம் மாறிவிட்டது. வாயைத் திறக்காதே, திறக்காதே.

பிப்ரவரி 18

இவர் பேசுவதே இல்லை. கட்டில் ஓரத்தில் முகத்தைத் தொங்கவிட்டுத் தரையையே பார்த்தபடி கிடக்கிறார். காலையில் ஒன்றே ஒன்று சொன்னார். “ஒரு கண்ணுக்காரன் கையில ஃபோர்க்லிஃப்ட் சாவியக் குடுக்க மாட்டாங்க.”

சாயங்காலம் மேசையை ஒழிக்கப் போனேன். போர்டைக் கையில் எடுத்ததும் என்ன தோன்றியதோ, “அடுத்து இதுல எதை வைக்கணும்?” என்று கேட்டுவிட்டேன்.



“உனக்கு சால்டரிங் வராது. ஈயத்த உருக்கி ஒட்டுற வேலை.”

“நரம்பே தெரியாத கையில ஊசி ஏத்துறவ நான்.”

அப்புறம் தரையிலிருந்து குரல் வந்தது: “முதல்ல சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணு.”

பிப்ரவரி 19

மேசையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். முதல் நாலு ரெசிஸ்டர் கண்ணராவி. ஈயம் மூக்குச்சளி மாதிரி தொங்குகிறது. “ஈயத்தைச் சூடு பண்ணாத. ரெசிஸ்டரோட கம்பிக்காலைச் சூடு பண்ணு, ஈயம் தானா ஓடிவரும்,” என்கிறார், தலையைத் தூக்காமல். ஐந்தாவதில் ஓடிவந்தது. சொன்னேன். “பளபளன்னு இருக்கா?” என்றார். இருந்தது.

வாசலில் நின்று பார்த்த அண்ணி, “தம்பிக்குக் கண்ணு தெரியல, உனக்குப் புத்தி தெரியல. வீடெல்லாம் புகை,” என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்துப் போனார்.

பிப்ரவரி 21

ரெசிஸ்டர் மேல் இருக்கும் நிற வளையங்களை நான் படிக்கிறேன், அளவை அவர் சொல்கிறார். இன்று மத்தியானம் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார் என்று அண்ணி சொன்னார். என்னவோ நான்தான் சமைத்தது போலச் சொன்னார்.

பிப்ரவரி 23

இன்று எல்லாம் கெட்டுப்போக இருந்தது.

கடைசிச் சில்லான ஐ.சி.யும் வைத்தாயிற்று. ஆசையில் ஹெட்ஃபோனை எடுத்துச் சொருகப் போனேன். “சொருகாத. முதல்ல மீட்டர வெச்சுப் பாரு. ரெண்டு பக்கமும் சுழி வரணும், பூஜ்ஜியம்.” இடது பக்கம் சுழி. வலது பக்கம் நாலு வோல்ட். சொருகியிருந்தால் ஹெட்ஃபோன் கருகியிருக்குமாம்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். வலது பக்கம்தான், வலது பக்கம்தான். அந்த வார்த்தையை நான் சொல்லச் சொல்ல இவருடைய முதுகு விறைத்தது.

“விடு. எடுத்து வெச்சிடு.”

“பாத்துரலாங்க—”

“வலது பக்கம் போச்சு. போனது போச்சு. விடுன்னா விடேன்.”

அது ஆம்பைப் பற்றிய பேச்சு இல்லை. எனக்கும் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் மட்டும் கல்லா? எனக்கு மட்டும் பயம் இல்லையா? இவரு குப்புறக் கிடந்து அழறாரு, நான் நின்னுக்கிட்டு அழணுமா?

திரும்பி வந்தால், அண்ணி மூக்குக்கண்ணாடியோடு போர்டை விளக்கடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“எல்லாக் காலும் மினுங்குது. இது மட்டும் ஏன் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு?”

வலது பக்கத்து ரெசிஸ்டர் ஒன்று. ஈயம் மேலே உட்கார்ந்திருக்கிறது, பிடிக்கவில்லை. காலைச் சூடாக்கினேன், ஓடிவந்தது. மீட்டரை வைத்தேன். சுழி.

“என்ன வருது?” தரையிலிருந்து.

“சுழிங்க. ரெண்டு பக்கமும்.”

இவருடைய தோள் குலுங்கியது. அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் பார்க்காத மாதிரி அயர்னைத் துடைத்தேன். அண்ணி வந்ததற்கு இன்றுதான் மனசார நன்றி சொன்னேன், மனசுக்குள்.

பிப்ரவரி 24

வாய்விட்டும் சொல்லிவிட்டேன். “சரி சரி, கொத்தமல்லிய நறுக்கு,” என்றார்.

ஹெட்ஃபோனை இவர் தலையில் மாட்டிப் பாட்டு வைத்தோம். அசையவே இல்லை. பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். “பேசாத. ஒவ்வொருத்தரும் எங்க உக்காந்து வாசிக்கிறாங்கன்னு தெரியுது,” என்றார். இத்தனை நாள் தரையை மட்டும் பார்த்தவர்.

பிறகு அண்ணி மாட்டிக்கொண்டு கேட்டார். முழுப் பாட்டும் கேட்டுவிட்டு, “வயலின்காரருக்கு ஜலதோஷம்,” என்றார். மூச்சுகூடக் கேட்கிறதாம்.

பிப்ரவரி 27

நிமிரலாம் என்று சொல்லிவிட்டார்கள். விழித்திரை ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் நல்ல கண்ணால் போர்டை வெகுநேரம் பார்த்தார். அந்த முதல் நாலு ரெசிஸ்டரைத் தடவிவிட்டு, “இது நாலும் இப்படியே இருக்கட்டும்,” என்றார்.

மார்ச் 30

வாயு முழுக்கக் கரைந்துவிட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் ஆள் அடையாளமும் உண்டு, எழுத்து இல்லை. கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறதாம். இதற்கு மேல் தேறாது என்று டாக்டர் சொன்னார். தூரத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும் என்பதால் ஃபோர்க்லிஃப்ட் இனி இல்லை.

கிடங்கு மேற்பார்வையாளரே வீட்டுக்கு வந்தார். “சரக்கு அனுப்புற பிரிவுக்கு ஆள் வேணும். கிடங்கோட மூலை முடுக்கெல்லாம் உங்களுக்குத்தானே அத்துப்படி,” என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். போகும்போது ஆம்பைக் கேட்டுப் பார்த்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்று கூச்சத்தோடு கேட்டார்.

மே 4

மேற்பார்வையாளர் கேட்ட ஆம்பின் போர்டில் இவர் முதல் ரெசிஸ்டரை வைக்கப் பார்த்தார். அயர்ன் முனை காலுக்கு ஒரு நெல் அளவு தள்ளியே இறங்கியது. மறுபடியும் தள்ளி. பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். “இந்தா, இது உன் வேலை.” குரலில் கோபம் இல்லை. எழுந்து போனார்.

நான் ஒரு வரிசையை முடிக்கும்போது டீயோடு வந்தார். போன மாதம் ஊற்றும்போதெல்லாம் மேசையில் குளம் கட்டும். இப்போது கெண்டியின் மூக்கைக் கோப்பை விளிம்பில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஊற்றுகிறார். இரண்டு கோப்பையும் நிறைந்தன. கீழே ஒரு சொட்டு இல்லை.