பேரிமரத்தில் கட்டிய செருப்பு

யேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்,
12 ஆகஸ்டு 1934

அன்புள்ள சாந்தமேரிக்கு,

உன் கணவன் ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பொய். நாகப்பட்டினத்தில் மாமா, அத்தை, நீ எல்லோரும் நலமென்று நம்புகிறேன். நான்கு மாதத்தில் மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதையாவது கடைசிவரை படி.

ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை வழக்கம்போல் நடக்கிறது. அம்மா சமையலில் உறைப்பு கூடிவிட்டது. வாய் திறந்து குறை சொல்ல முடியுமா?

பேரிமரம் கூரையைத் தாண்டிவிட்டது. பின்வீட்டு ஆ லோங் சீனாவிலிருந்து வரவழைத்துக் கொடுத்த ஒட்டுக்கன்றை நாம் குழாயோரம் நட்டு ஏழு வருஷம். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாய். கிளைகளை வளைத்துக் கயிறு கட்டினாய். பிஞ்சை வண்டு துளைக்காமல் மூடுவதற்கென்று பழைய பேப்பரில் நாற்பது பை ஒட்டி வைத்தாய். முற்றிய பேரியை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினாலே காம்போடு வந்துவிடும் என்று ஆ லோங் சொன்னதைக் கேட்டு, வெறுங்கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிச் சிரிப்பாய். ஒரு பூகூடப் பூக்கவில்லை.

காய்க்காத மரத்தில் பழைய செருப்பைக் கட்டினால் ரோஷம் வந்து காய்க்கும் என்றாள் அம்மா. நானும் யோசிக்காமல் கதவோரம் கிடந்ததை எடுத்துக் கட்டினேன். அது உன் செருப்பு. ஒன்பது வருஷமாகப் பிள்ளையில்லை என்று ஏச்சு வாங்கியவளின் செருப்பு. மாதா மேல் ஆணையாக, உன்னைக் குத்திக்காட்டக் கட்டவில்லை. நீ அதைப் பார்த்தாய். மறுவாரமே உன் தம்பி கல்யாணமென்று போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் ஏறினாய். கல்யாணம் முடிந்து மூன்று மாதமாகிறது.

போன மாதம் ஆத்திரத்தில் மரத்தை வெட்டக் கோடாலி எடுத்தேன். ஆ லோங் வேலியைத் தாண்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "போக்கோ தா சாலா" என்று மலாயில் கத்தினார். மரத்தின்மேல் தப்பில்லையாம். நல்ல குளிர் அடித்தால்தான் மொட்டு விடுமாம். இந்த ஊர்ச் சூட்டில் இலைதான் வருமாம். தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஆசையில் கொடுத்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தார்.

அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. உன்னை எத்தனை டாக்டரிடம், எத்தனை மருத்துவச்சியிடம் இழுத்துப்போனேன்! நான் ஒருநாளும் போய்க் காட்டவில்லை. வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோதித்துப் பார்த்த டாக்டர், குறை என்னிடம்தான் என்றார். மருந்தும் இல்லையாம். அம்மாவிடம் நானே சொன்னேன். அன்று முழுதும் சாப்பிடாமல் உன் பெயரைச் சொல்லி அழுதாள்.

மாமாவிடமும் இதைப் படித்துக் காட்டு, ஒளிக்க ஒன்றுமில்லை. உனக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க என்னால் முடியாது. அது தெரிந்த பிறகும் வா என்று அழைக்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் அழைக்கிறேன்.

மாதா உன்னைக் காப்பாள். கோபம் ஆறட்டும் என்று அங்கேயே இருந்துவிடாதே, சாந்தமேரி. கோபத்தோடேயே வந்துவிடு.

இப்படிக்கு,
ஸ்டானிஸ்லாஸ்